தன் ஆளைத் தானே ஒப்படைத்த மகேனை விடுவிக்க எதிரணித் தலைவனின் மனு

அனுப்புநர்:
திருமாறன், லோரி ஓட்டுநர்,
கீழ்லயம், பூமலைத் தேயிலைத் தோட்டம், கேமரன் மலை.

பெறுநர்:
இன்ஸ்பெக்டர் ராதாகிருஷ்ணன் அவர்கள்,
நிலையத் தலைவர், பூமலை காவல் நிலையம்.

பொருள்: தடுப்புக் காவலில் உள்ள மேல்லயம் மகேனை விடுவிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் மேல்லயத்தாரும் கீழ்லயத்தாரும் பல காலம் அடித்துக்கொண்டதைத் தாங்கள் அறிவீர்கள். கீழ்லயக் கூட்டத்துக்குத் தலைவன் நான்; மேல்லயத்துக்கு மகேன். அவர் லாக்கப்பில் இருப்பதாக முன்பு கேட்டிருந்தால் லயத்துக்கே தேநீர் வாங்கிக் கொடுத்திருப்பேன். இன்று அவருக்காகவே எழுதுகிறேன்.

2. சென்ற தீபாவளிக்குக் கம்போங் ராஜா ஊரில் நடந்த சண்டையில் என் தம்பி அகிலனின் கையில் பாராங் கத்தி வெட்டு விழுந்தது. அதன்பின் நாங்கள் இருவரும் கோயிலில் கைகொடுத்துச் சமாதானம் ஆனோம். இனி எவன் கை நீட்டினாலும் அவனுடைய தலைவனே அவனைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்பது பேச்சு. "நம்ம பசங்கள நம்மாலயே அடக்க முடியலன்னா, கை குடுத்து என்னா பிரயோஜனம்?" என்று கேட்டவர் மகேன்தான்.

3. கடந்த ஞாயிறு, கியா பார்ம் சந்தையில் நான் காய்கறி இறக்கும்போது, மகேனின் ஆள் குகன் பழைய பகையில் என்னை ஹெல்மெட்டால் அடித்தான். முன்பல் ஒன்று போயிற்று. செய்தி கேட்ட என் ஆட்கள் கம்புகளோடு லோரியில் ஏறினார்கள். சாவி என் கையில்தான் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

4. லோரியைக் கிளப்புமுன் மகேன் மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் குகன், வேறு துணை இல்லை. "இவன் என் ஆளு. சொல்லியும் கேக்கல. ஸ்டேஷன்ல குடுக்கப் போறேன், நீயும் வா லா," என்றார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நானும் ஏறினேன். மூவரும் ஒரே மோட்டாரில் நிலையத்துக்கு வந்தது குற்றமே. அபராதச் சம்மன் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறோம்.

5. எங்கள் பேச்சு அறியாத பணி அதிகாரி, பழைய தீபாவளிச் சண்டையை விசாரிக்க மகேனையும் உள்ளே வைத்தார். குகன் ஜாமீனில் வந்துவிட்டான். மகேன் வரவில்லை.

6. "அடிச்சவன் வெளிய, புடிச்சுக் குடுத்தவன் உள்ள. இனிமே எவன் பேச்ச எவன் கேப்பான்?" என்கிறார்கள் மேல்லயத்தார். நேற்று அவர்கள் கம்போடு எங்கள் லயத்துக்கு வந்தபோது, மகேனின் மனைவி ஜெயா குறுக்கே நின்று தடுத்தார். நானும் போய்ச் சமாதானம் என்றேன். பல் போன சந்தில் அந்தச் சொல் விசிலாக வந்தது. முதலில் ஜெயா சிரித்தார், பிறகு எல்லாரும். கம்புகள் இறங்கின. ஆனால் நான் தினமும் விசிலடித்து அவர்களை நிறுத்த முடியாது. அவர்களை அடக்க மகேன் வேண்டும்.

7. குகன் மீதான என் புகார் அப்படியே இருக்கட்டும். பழைய சண்டையை விசாரிப்பதானால் என்னையும் சேர்த்து விசாரியுங்கள். கூப்பிட்ட நேரத்துக்கு இருவரும் வருவோம். வாக்கைக் காப்பாற்றியதற்காக ஒருவர் உள்ளே இருக்க வேண்டாம். இன்றே அவரை அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இம்மனுவைக் கொடுக்க இரு லயத்தாரும் என் லோரியிலேயே வந்து, வெளியே ஒன்றாக நிற்கிறார்கள். இதுவரை யாரும் யாரையும் அடிக்கவில்லை. மகேனுக்காக முன் இருக்கையைக் காலியாக வைத்திருக்கிறேன்.

இடம்: பூமலை
தேதி: 14.3.2025

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு வாசலில் காத்திருக்கும்
(கையொப்பம்)
திருமாறன்