காற்று ஆறணும்

மார்ச் 4

அழுத்தமானியில் இன்று 0.6 அலகு குறைந்திருக்கிறது. நேற்று 0.9. மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "குகை ஒழுகுதும்மா, மூடிடலாம்" என்றார்.

உப்புப் பாறையைக் கரைத்துக் கரைத்து இரண்டு வருடமாகக் குடைந்த குகை. காற்றாலைகளில் மிஞ்சும் மின்சாரத்தால் காற்றை அழுத்தி உள்ளே அடைக்கிறோம்; காற்று வீசாத நாளில் திறந்துவிட்டால் டர்பைன் சுற்றும். அதை மூடுவதாம். சோதனைக்காக அழுத்தி அடைத்த காற்று சூடாகத்தான் இறங்கியிருக்கும். சூடு ஆற ஆற அழுத்தம் குறையாதா? ஓட்டை என்றால் தினமும் ஏறக்குறைய ஒரே அளவு குறையும். இது நாளுக்கு நாள் குறைச்சலாகத்தான் இறங்குகிறது.

மார்ச் 5

0.4. போனில் மேலாளர், "எத்தனை நாள் வேணும்?"

"ஆறணும் சார்" என்றேன்.

மாலையில் உத்தரவு வந்தது: ஆறு நாள் அவகாசம்! தலையில் அடித்துக்கொண்டேன். பத்து நாளாவது வேண்டும். திருத்தப் போனால் இரண்டாக்கிவிடுவார். வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 8

0.2. என் வீட்டுக்காரர் சொல்கிறார், "கசிவுன்னு கையெழுத்த போட்டுட்டு நிம்மதியா இரேன்." யாருக்கு நிம்மதி?

மார்ச் 11

0.1. இன்னும் நிற்கவில்லை. வாசலில் சிமென்ட் கலவை லாரி. மேசையில் தாள்: 'குகையில் கசிவு உள்ளது.' சோதித்தவள் நான். என் கையெழுத்து இல்லாமல் குகைக்கு இறங்கும் கிணற்றில் ஒரு சட்டி சிமென்ட்கூட ஊற்ற முடியாது.

"போட மாட்டேன்."

"வேலை போயிடும்மா."

"போகட்டும் சார். பொய்க்குக் கையெழுத்து போட வேற ஆளப் பாருங்க."

தாளை அவர் பக்கமே தள்ளிவிட்டேன். கோபம்தான் — சரி, பயமும்தான்.

லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். "கலவை இறுகிடுங்க. எங்கயாச்சும் கொட்டச் சொல்லுங்க." மேலாளர் என்னை முறைத்துக்கொண்டே அலுவலக வாசல் சேற்றைக் காட்டினார்.

மார்ச் 12

என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அழுத்தமானி முள்ளைப் பார்க்கக் கூடாதாம். சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தேன். பார்க்காமல் விடுவேனா?

மார்ச் 15

முள் அசையவில்லை.

மார்ச் 17

மூன்றாவது நாளாக அசையவில்லை. மேலாளர் கூப்பிட்டனுப்பினார். அந்தப் புது சிமென்ட் பாதையில் வேண்டுமென்றே மெதுவாக நடந்து போனேன். மேசையில் வேறு தாள்: 'கசிவு இல்லை.' பேனாவின் மூடியை அவரே கழற்றி நீட்டினார். போட்டேன், முழுப் பெயரையும்.

"இன்னும் கோபமாம்மா?"

"ஆறணும் சார்."

"ஆறு நாளா?" என்றார், பாவமாக.

இந்த முறையும் திருத்தவில்லை.