படிக்கட்டின் கீழே படுத்தவளின் பெயர்

இன்று காலை லிஃப்ற் கதவு திறந்ததும் புகையில் வாட்டிய மீனும் செம்பனை எண்ணெயும் கலந்த உங்கள் சமையல் மணம் மூக்கில் அடித்தது. வேலைக்குக் கீழே இறங்க வேண்டிய நான், ஒன்பதாம் மாடியில் இறங்கி உங்கள் கதவின் முன்னால் போய் நின்றுவிட்டேன். அங்கே இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். கதவுத் துளையில் ஒரு கண் அசைந்தது போலிருந்தது. நீங்களும் அப்படிப் பார்த்த பிறகுதான் திறப்பீர்கள்.

சியரா லியோனில் சண்டை தலைநகர் பிறீரவுனுக்குள் புகுந்த வருடம், இந்தக் குளிர் நாட்டில், டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துக்கு வந்தீர்கள். உடுப்புத் தோய்க்கும் அறையில்தான் பழக்கமானோம். நீங்கள் கிறியோ, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுக் கடல் தாண்டி வந்து அந்த நகரத்தில் குடியேறியவர்களின் வழி. பாட்டனார் நீதிபதி. சித்தப்பா வைத்தியர். அத்தை ஒருவர் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியவர். வெள்ளைக்காரன் காலத்து அரசாங்கக் கந்தோர்களில் உங்கள் ஆட்களே நிறைந்திருந்தார்களாம். உள்நாட்டு மக்களுக்கு அது பொறுக்கவில்லையாம். என் அப்பப்பாவும் கொழும்பில் கந்தோர் உத்தியோகம் பார்த்தவர். அந்தப் பொறாமைக் கதை எனக்குப் புதிதாக இருக்கவில்லை.

அம்மா நம்பவில்லை. “உவ சொல்லுறது முழுக்க உண்மையெண்டு நினைக்கிறியே? பிளேனேறி வந்த எல்லாருக்கும் ஊரிலை பெரிய நாற்சார் வீடுதான்” என்பா.

பிறகு ஒருநாள் கீழே வாசலில், வீட்டு இலக்கங்களும் பெயர்களும் இருக்கும் பலகையைக் காட்டினீர்கள். உங்கள் குடும்பப் பெயர் அதில் இரண்டு தடவை இருந்தது. நாலாம் மாடிக்கு சாமுவேல் என்றொரு இளைஞன் வந்திருந்தான்.

“எங்கடை குடும்பத்திலை அப்பிடி ஒருத்தன் இல்லை, பிள்ளை. அவன்ரை பேச்சு உள்நாட்டுப் பேச்சு. பேரைக் களவெடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்” என்றீர்கள். உங்கள் ஆங்கிலம் என் நினைவில் எங்கள் தமிழாகவே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு பூட்டை மாற்றினீர்கள். அவன் லிஃப்றைப் பிடித்துக்கொண்டு நின்றால், அடுத்ததில் வருவதாகச் சொல்லிப் பின்வாங்கினீர்கள். கிளர்ச்சிக்காரரோடு நின்றவனாக இருக்கலாம் என்றீர்கள். உங்கள் சந்தேகம் என்னையும் தொற்றியது. அவன் கையில் இருந்த தழும்பை நானும் உற்றுப் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை, குடிவரவு அலுவலகத்துக்கு அவனைப் பற்றி அறிவிக்க வேண்டும் என்றும், உங்களுக்குக் காது சரியாகக் கேட்காததால் நான்தான் பேச வேண்டும் என்றும் கேட்டீர்கள். அவனுடைய அகதி வழக்கு அப்போது முடியவில்லை. அப்படியொரு தொலைபேசி அழைப்பு ஒருவனை எங்கே கொண்டுபோய் விடும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். “முதல் அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கோ. பிறகு பாப்பம்” என்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் அவன் வந்தான். தேத்தண்ணீர் ஊற்றிவிட்டு, பாட்டனாரின் நீதிமன்றத்தில் இருப்பவர் போல விசாரணையைத் தொடங்கினீர்கள்.

“இந்தப் பேர் உனக்கு எப்பிடி வந்தது?”

“அம்மா உங்கடை வீட்டிலை வளந்தவ. பள்ளிக்கூடம் விடுறமெண்டு சொல்லித்தான் சின்னனிலை கூட்டிக்கொண்டு போனவை. ஞானஸ்நானம் குடுத்து மார்த்தா எண்டு பேர் வைச்சினம். குடும்பப் பேரும் உங்கடை ஆக்கள் குடுத்ததுதான்.”

“ஆரும் சொல்லலாம். மார்த்தா எங்கை படுத்தவள்?”

“மாடிப்படிக்குக் கீழை. மழை பெய்தால் சுவராலை தண்ணி கசியும். பாயை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவாவாம்.”

கோப்பையைக் கீழே வைத்தீர்கள். இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டீர்கள். சண்டையில் செத்துவிட்டாள் என்றான். ஞானஸ்நானத்துக்கு முன்னால் என்ன பெயர் என்று அம்மா பிள்ளைகளுக்குச் சொல்லவேயில்லை என்றும் சொன்னான்.

“ஜெனெபா” என்றீர்கள். “ஒருநாள் எனக்குத் தலை இழுத்துப் பின்னேக்கை காதுக்குள்ளை சொன்னவள். நான் போய் என்ரை அம்மாவிட்டைச் சொல்லிப்போட்டன். பழைய பேரைச் சொன்னதுக்கு அவளுக்கு அடி விழுந்தது. அதுக்குப் பிறகு அவள் என்னட்டை ஒண்டும் சொன்னதில்லை.”

அவன் முகம் இளகவில்லை. “அதை ஏன் இப்ப சொல்லுறியள்? வேறை பேர் சொல்லி என்ரை அகதிக் கேஸை உடைக்கவோ?” என்றான். தேத்தண்ணீரைத் தொடாமலே எழுந்து போனான்.

அவனுடைய அகதி வழக்கின் விசாரணைக்கு நீங்களாகவே போனீர்கள். தேவாலயத்துக்கு வைக்கும் தொப்பியை வைத்துக்கொண்டு, காதுக்குத் துணையாக என்னையும் கூட்டிக்கொண்டு. சாட்சி சொல்ல வருகிறேன் என்று நீங்கள் சொன்னபோது, சாமுவேல் இரண்டு நாள் யோசித்துத்தான் சம்மதித்தான். இவர் உங்களுக்கு என்ன உறவு என்று அங்கே கேட்டார்கள். நான் உங்கள் காதுக்குள் திருப்பிச் சொன்னேன். அவர்களை நேரே பார்த்துப் பதில் சொன்னீர்கள்.

“எங்கடை பேர் அவனிட்டை இருக்கு. தாயும் பிள்ளையும் கேக்கேல்லை. நாங்கள்தான் குடுத்தனாங்கள்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது, அவனை நம்புகிறீர்களா என்று கேட்டேன். “முழுக்க இல்லை. ஆனா அந்தச் சுவர் கசியுறது வெளியாலை ஒருத்தருக்கும் தெரியாது. எங்கடை வீடு மாளிகையெண்டுதான் ஊர் நினைச்சது” என்றீர்கள்.

அவனை ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பனிக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். தேவாலயத்தில் உங்கள் இறுதி வழிபாட்டின்போது சாமுவேல் கடைசி வாங்கில் இருந்தான். குடும்பத்தவர்கள் முன்னால் வரலாம் என்று போதகர் சொன்னபோது அவன் எழும்பவில்லை, வெளியேறவும் இல்லை. உங்களை மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவு வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் மலைநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பிள்ளை வேலைக்கு நின்றாள். எனக்குச் சோறு தீத்தியவள். கிளி என்று கூப்பிடுவோம்.

“அம்மா, கிளியின்ரை சொந்தப் பேரென்ன?”

“அதேன் இப்ப உனக்கு?”

“சும்மாதான்.”

“அவளுக்கும் எங்கடை ஒரு மாமியின்ரை பேர்தான் இருந்தது. மாமியின்ரை பேரைச் சொல்லி வேலைக்காரியைக் கூப்பிடேலுமோ? வந்த அண்டைக்கே மாத்தியாச்சு.”

“எந்த மாமி?”

“மறந்து போச்சு” என்று சொல்லிவிட்டு, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினா.

என் அம்மா உறவுக்காரர் ஒருவரின் பெயரையும் மறப்பவ அல்ல. மூன்று தலைமுறைக்குக் கலியாணம், செத்தவீடு எல்லாம் ஒப்புவிப்பா. உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தச் சந்தேகம்தான். இப்போதும் சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்கு எதிரே இருந்து, மாமிமாரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எந்தப் பெயருக்கு அவவின் சோறு பிசையும் கை நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.