தள்ளுபடியில் வந்த செடிகள்

2024 ஜூன் 2, ஞாயிறு

வாளியும் விளக்குமாறும் வாங்கத்தான் போனேன். பைபாஸ் ரோட்டில் இருக்கிற பெரிய கடை. காய்கறி, சட்டை, டிவி, பாய் எல்லாம் ஒரே கூரைக்குள். பெருமாள்புரத்தில் இந்த வாடகை வீட்டுக்குத் தனியாக வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஒவ்வொரு சாமானாகத்தான் சேர்கிறது. ஃபிரிட்ஜ் வரிசையைத் தாண்டினால் இரும்பு அடுக்கில் செடிகள். மேல் தட்டில் பளபளப்பானவை. கீழ்த் தட்டில் வாடினவை. பாதி விலை என்று சிவப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். கீழ்த் தட்டிலிருந்து மூன்று எடுத்தேன். ஒரு மணி பிளான்ட், வாள் மாதிரி நிமிர்ந்து நிற்கிற ஸ்நேக் பிளான்ட், வெள்ளைப் பூ பூக்கும் என்று படம் போட்டிருந்த பீஸ் லில்லி.

எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். யாரிடமோ கேட்க வேண்டும் போல. கல்யாணமான நாள் முதல் வந்த பழக்கம். முக்கூடலில், புருசன் வீட்டில், அவர் சரி என்று சொல்லாமல் ஒரு டம்ளர்கூட உள்ளே வந்ததில்லை. உரக்கடை வைத்து ஊருக்கெல்லாம் பயிர் வளர்க்க வழி சொல்கிறவர், வீட்டுக்குள் ஒரு தொட்டி வைக்க விட்டதில்லை. கொசு வருமாம்.

"பில் போடலாமாக்கா?" என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

போடு என்றேன்.

ஜூன் 3

மூன்றுக்கும் தண்ணீர் விட்டேன். ஆஸ்பத்திரியில் நாள் பூராவும் சன்னலே இல்லாத எக்ஸ்ரே அறையில் இருந்துவிட்டு வந்து, பச்சையாக எதையாவது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

அண்ணன் பேசினான், கல்லிடைக்குறிச்சியிலிருந்து. அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருக்கிறது அவன் ஒருவன்தான்.

"ஏட்டி காந்தி, கோவம் தணிஞ்சுதா? மாப்பிள்ள வந்து கூட்டிட்டுப் போறேங்காரு."

"கோவத்துல வரலண்ணே. யோசிச்சுத்தான் வந்தேன்."

"அங்கன தனியா இருந்து என்னதான் செய்யுத?"

செடிக்குத் தண்ணி ஊத்துதேன் என்றேன். போனை வைத்துவிட்டான்.

ஜூன் 16

பீஸ் லில்லி போய்விட்டது. ஒரு வாரமாகத் தலை தொங்கியது, தொங்கத் தொங்க நானும் தண்ணீர் ஊற்றினேன். இன்று தொட்டியைத் தூக்கினால் நாற்றம். செடித் தொட்டியைச் சுற்றி வெளியே இருக்கிற அழகுத் தொட்டியில் ஓட்டையே இல்லை. உள்ளே தண்ணீர் தேங்கி, வேரெல்லாம் கறுத்துக் கொழகொழவென்று. தாகத்தில் வாடுகிறது என்று நினைத்தேன். மூழ்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ஜூன் 18

அண்ணனிடம் ஏன் சொன்னேன்? பேச்சு வாக்கில் சொல்லிவிட்டேன், ஒரு செடி செத்துப்போச்சு என்று. அவன் அங்கே சொல்லியிருக்கிறான். அவர் சிரித்தாராம். "அவ கையில எதுதான் தங்கிருக்கு?" என்றாராம்.

எத்தனை வருசமா கேட்ட பேச்சு இது. குழந்தை இல்லன்னா என் கை. மாடு செத்தா என் கை. பால் திரிஞ்சா என் கை. டாக்டர் ரெண்டு பேரையும் சோதிக்கணும்னு சொன்னப்போ ஒரே ஒருத்தர்தான் போய்ப் படுத்தது, அது நான்தான். அவரு வரவே இல்ல. அதை யாரு கேட்டா?

இந்தக் கையால்தான் தினமும் எத்தனையோ பேருடைய எலும்பைத் திருப்பி வைத்துப் படம் எடுக்கிறேன். கைக்கு ஒன்றும் இல்லை. தொட்டியில்தான் ஓட்டை இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

செத்த செடியைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கே போனேன். செடிக்கு யார் பொறுப்பு என்று கேட்டதும் ஒரு பையனைக் காட்டினார்கள். சட்டையில் பெனோ என்று பெயர்.

"நான் பாத்திர செக்‌ஷன்க்கா. செடிக்குன்னு ஆளு கிடையாது. யாரு சும்மா நிக்காங்களோ அவங்க தண்ணி ஊத்துவோம்."

"எல்லாரும் ஊத்துவீங்களா?"

"சில நாளு மூணு பேரு ஊத்திருவோம். சில நாளு யாருமே ஊத்த மாட்டோம்."

சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் மேனேஜர் வந்தார். வாங்கின செடியைத் திரும்ப எடுப்பதில்லை மேடம் என்றார், நான் வாயைத் திறக்கும் முன்பே.

"திரும்ப எடுக்கச் சொல்லல. ஏசி நேரா இதுக மேல அடிக்குது, வெளிச்சமும் இல்ல. முன்னால கண்ணாடிகிட்ட இடம் கிடக்கு, அங்கன வையுங்கன்னு சொல்லுதேன்."

அதெல்லாம் தலைமை ஆபீஸ் முடிவாம். அவருக்கு வேலை இருக்கிறதாம். திரும்பி நடந்தார்.

"நான் பேசி முடிக்கல," என்றேன். என் குரல்தானா அது? டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். சொல்ல வேண்டியதை முழுசாகச் சொன்னேன். ஓட்டை இல்லாத தொட்டியை ஓட்டை இல்லை என்று எழுதி வைத்து விற்க வேண்டும் என்பதையும் சேர்த்து. அவர் பார்க்கிறேன் என்றார். பார்ப்பாரோ மாட்டாரோ. நான் நின்று பேசினேன், அவர் நின்று கேட்டார்.

வரும்போது கீழ்த் தட்டிலிருந்து இன்னொரு பீஸ் லில்லி. அதே சிவப்புத் தாள்.

ஜூன் 24

கம்பியைக் காய்ச்சித் தொட்டிகளில் ஓட்டை போட்டேன். பிளாஸ்டிக் கருகின வாடை வீடு முழுக்க. இனிமேல் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும்தான் தண்ணீர்.

ஜூலை 10

ஓட்டை போட்ட பலன்! தண்ணீர் வழிந்து, கீழ் வீட்டுச் சுவரில் ஈரம். வீட்டுக்காரம்மா பாலம்மாள் மேலே ஏறி வந்தாள்.

"வெள்ளையடிச்சு ஆறு மாசம்கூட ஆகல. செடியா வீடா, நீயே முடிவு பண்ணு தாயி."

"ரெண்டும்தான்க்கா. தட்டு வாங்கி வச்சிருதேன். கறைய நானே வெள்ளையடிச்சுத் தாரேன்."

முறைத்தாள். வெள்ளையடிக்கவும் தெரியுமா என்றாள். தெரியாது, இந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொள்கிறேன் என்றேன்.

ஜூலை 14

தெரிந்துகொண்டேன். சுவர் சுமார். பாலம்மாள் காபி தந்தாள்.

ஜூலை 27

மணி பிளான்டில் சுருட்டின இலை ஒன்று. காலையில் பார்க்கும்போது விரிந்திருந்தது. வேலைக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனேன். ஏன் என்று கேட்டார்கள், பஸ் கிடைக்கவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எழுதிவிட வேண்டும்.

இரண்டு பேரும் வந்தார்கள், அண்ணனும் அவரும். வீட்டில் இருப்பது ஒரே நாற்காலி. அவர் உட்கார்ந்தார். அண்ணன் பாயில். காபி போட்டேன்.

"சரி, நடந்தது நடந்துட்டு," என்றார் அவர். "ஒரு வேன் பிடிச்சா எல்லாத்தையும் ஏத்திரலாம். இந்தச் செடி கிடியெல்லாம் இங்கனயே விட்டுரு."

"வாரேன்னு நான் சொல்லலையே."

"அப்போ யாருக்காவ இங்கன கிடக்க? இதுகளுக்காவவா?"

காலி டம்ளரை எடுத்தேன். அவர் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "பாருங்க மச்சான். பிள்ள குட்டி இருந்தா இப்படி இருப்பாளா? செடிய வச்சு வெளையாடிட்டு இருக்கா." எழுந்தார். சன்னலில் இருந்த ஸ்நேக் பிளான்டைத் தூக்கினார். "மொதல்ல இத வெளிய வைப்போம், பெறவு பேசுவோம்."

அந்த வீட்டில் எத்தனையோ முறை அவர் எடுத்து வெளியே வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என் தையல் மிஷின். அம்மா தந்த பெட்டி. ஒருமுறை என்னையே, மழையில்.

வாசலில் போய் நின்றேன்.

"வையுங்க."

"என்னது?"

"எடுத்த இடத்துல வையுங்க. இது என் வீடு. வாடகை நான் குடுக்கேன்."

"உன் வீடா?"

"ஆமா. இங்கன எது இருக்கணும், எது இருக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லணும். நீங்க இருக்கணுமான்னும்."

தொட்டியோடு என்னைத் தாண்டப் பார்த்தார். நான் நகரவில்லை. மண் என் சேலையில் சிந்தியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம், தெரியாது. பிறகு அண்ணன் குரல், பையத்தான் வந்தது.

"மாப்ள, அத வச்சிருங்க."

தரையில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் பின்னால் போனான்.

அழுதேன். எழுதி வைக்கிறேன், சொந்த நோட்டில் என்ன வீறாப்பு? அழுது முடித்து, மண்ணைப் பெருக்கி அள்ளி, தொட்டியைத் தூக்கிச் சன்னலில் வைத்தேன்.

ஆகஸ்ட் 30

அண்ணன் பேசவே இல்லை. நானும் கூப்பிடவில்லை. நான் செய்த தப்பு என்ன?

அக்டோபர் 31

தீபாவளி. ஒற்றை ஆளுக்கு ஒரு படி முறுக்கு சுட்டேன். பாதி பாலம்மாளுக்கு.

டிசம்பர் 8

மணி பிளான்ட் முழுக்க மாவுப்பூச்சி, பஞ்சு ஒட்டினாற்போல. பூச்சிமருந்து அடிக்க மாட்டேன், அந்த உரக்கடை வாடையோடு போதுமான காலம் குடித்தனம் நடத்தியாயிற்று. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து இலை இலையாகத் துடைத்தேன். திரும்ப வந்தால் திரும்பத் துடைப்பேன். பார்க்கலாம், அதுவா நானா.

2025 ஜனவரி 5

அதுதான் ஜெயித்தது. மணி பிளான்டைத் தூக்கிப் போட்டேன். ஒரு நாள் வருத்தம், அவ்வளவுதான். என் கை என்று யார் சொன்ன பேச்சும் ஞாபகம் வரவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

அண்ணன் வந்தான்! ஆட்டோவில் கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு, பச்சரிசி, வெண்கலப் பானை. பொங்கல்படி. வருடா வருடம் முக்கூடலுக்கு வரும் சீர், இந்த வருடம் பெருமாள்புரத்துக்கு.

"உங்க மைனிதான் சொன்னா," என்றான் செருப்பைக் கழற்றிக்கொண்டே. "தங்கச்சி எங்க இருக்காளோ அங்கதான படி போகணும்னு."

அவன் மனைவி சொன்னாளோ, இவனே நினைத்தானோ. கேட்கவில்லை. அந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவன் பாயிலேயே உட்கார்ந்துகொண்டான்.

"அன்னைக்கு அவரு தொட்டியத் தூக்கினப்பதாம்டி தெரிஞ்சுது," என்றான் காபியைப் பார்த்துக்கொண்டே. "இப்படித்தானா இத்தன வருசமும்?"

"இப்படித்தான்ணே."



ஜூன் 11, புதன்

கோர்ட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம், சம்மதித்துப் பிரிகிறோம் என்று. அவருக்கு முதலில் மனதில்லை. அண்ணன்தான் போய்ப் பேசியிருக்கிறான். இன்னும் ஆறு மாதத்தில் தீர்ப்பு வரும் என்கிறார் வக்கீல். அவர் என்னைப் பார்க்காமல் போனார். நான் பார்த்தேன், நன்றாகவே. இளைத்திருக்கிறார். பாவமாக இருந்தது. பாவம் வேறு, திரும்பிப் போவது வேறு.

வெளியே அண்ணன் பைக்கோடு நின்றான். "வீட்டுக்குத்தான?" என்றான்.

"இல்லண்ணே, கடைக்கு."

தள்ளுவண்டியை அவன் தள்ளினான், நான் முன்னால் நடந்தேன். ஆள் உயரத்துக்கு ஒரு பாக்குப்பனைச் செடி, நுனியெல்லாம் காய்ந்து, மலிவாகக் கிடந்தது. தூக்கி வண்டியில் வைத்தேன். பைக்கில் எப்படிக் கொண்டுபோக என்று அலுத்துக்கொண்டான். ஆட்டோ வைப்போம் என்றேன்.

பில் போட நிற்கும்போது ஆளைக் காணோம். திரும்பிப் பார்த்தால் செடி அடுக்கின் முன்னால் குனிந்து நிற்கிறான். சின்னத் தொட்டி ஒன்றைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏட்டி, இது எங்க மாடிப்படிகிட்ட வருமா? அங்கன வெயில் கெடையாது."

"வரும்."

"செத்துட்டுன்னா?"

"இன்னொண்ணு வாங்குண்ணே."