சாம்பல் திரை

ஜூன் 9, திங்கள்

வாயைப் பொத்திக்கொண்டிருந்தது போதும். இங்கேயாவது எழுதுகிறேன்.

வெயில். மத்தியானம் கரண்ட் இல்லை.

நேற்று ஸ்டூடியோவில் முரளி அமுதாவை அடித்தான். கல்யாணப் பெண் ஒருத்தியின் ஷூட். அமுதா மேக்கப் போடுபவள், பம்மலிலிருந்து வருகிறாள். ஆள் இல்லாவிட்டால் லைட்டும் அவள்தான். சாஃப்ட்பாக்ஸ் என்கிற லைட் பெட்டியின் முகப்பில் கிரிட் மாட்ட மறந்துவிட்டாள். கட்டம் கட்டமாகத் தைத்த கறுப்புத் துணி, அவ்வளவுதான். இருந்தால் வெளிச்சம் பெண் மேல் மட்டும். இல்லையென்றால் பக்கமெல்லாம் சிதறி, பின்னால் தொங்கும் கறுப்புத் திரை சாம்பலாகிவிடும். முரளிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

பெண் புடவை மாற்றப் போயிருந்தாள். "எத்தனை தடவைடி சொல்றது?" மடக்கி வைத்திருந்த லைட் ஸ்டாண்டை எடுத்து முகத்தில் ஒரே வீச்சு. எலும்பு உடைகிற சத்தம். நான் வாசலில், டீ கிளாஸோடு.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் முரளி: "கிரிட் போட்டா அந்த மூலை இருட்டு சார். பாவம், தடுக்கி லைட் மேல விழுந்துட்டா."

ஜூன் 10, செவ்வாய்

தூக்கமில்லை. வாங்க: ஃபிளாஷ் டிரிக்கருக்கு பேட்டரி, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை, தக்காளி.

நான் எம்.எஸ்சி. பிசிக்ஸ். சேலையூரில் நானும் முரளியும் பாதிக்குப் பாதி தொடங்கிய கடை. போர்டில் என் பெயர் மேல் பெயிண்ட் அடித்தான். "இடம் பத்தல சார்." அவன் பல் இளிக்கும் போட்டோவுக்கு மட்டும் இடம் பத்தியது. அந்தப் பற்களை ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும்.

ஷேர் ஆட்டோவில் பம்மல். அமுதாவுக்கு ஒரு கண் திறக்கவில்லை. கன்ன எலும்புக்குத் தகடு வைக்கணுமாம்.

"இன்னா சார், பாக்க பயமா கீதா? நானே மேக்கப் போட்டாலும் இந்த மூஞ்சிய மறைக்க முடியாது." சிரிக்கப் பார்த்து, வலியில் நிறுத்தினாள். "நானே வுழுந்தேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறான். லைட்ட தள்ளி ஒடச்சவள இனிமே எவன் சார் வேலைக்கு கூப்டுவான்? நீங்க வாசல்லதான நின்னுகினு இருந்தீங்க. பாத்தீங்களா, இல்லியா?"

பார்த்தேன் என்றேன்.

"அப்ப சொல்லுங்க."

ஜூன் 11, புதன்

மழை வருவதுபோல் காட்டிவிட்டுப் போய்விட்டது.

அன்றைய படங்களைத் திருத்தக் கொடுத்தான் முரளி. "பேக்ரவுண்ட் கிரேயா இருக்கு சார். நல்லா கருப்பாக்கிடுங்க. ஒரிஜினல அழிச்சிடுங்க."

கிரிட் போடவில்லை என்று அடித்தான். கிரிட் போட்டதால் இருட்டு என்கிறான். படத்தில் திரை சாம்பல். மூலையில் கிடக்கும் ஒயர்கூடத் தெரிகிறது. எங்கே இருட்டு?

அழிக்க மாட்டேன் என்றேன். சட்டையைப் பிடித்தான். "போர்டு காண்டு இன்னும் தீரலையா உங்களுக்கு?" என் உதட்டில் குத்து. என் கைக்கு அகப்பட்டது அதே ஸ்டாண்ட். அவன் தோளில் ஒன்று, முட்டியில் ஒன்று. இரண்டாவது அடி இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். தலைக்கு ஓங்கினேன். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்தார். "விடுங்க சார், செத்துடப் போறான்!"

எனக்கு உதடு கிழிசல், ஒரு பல் ஆட்டம். படங்கள் பென் டிரைவில், பென் டிரைவ் சாக்ஸுக்குள்.

ஜூன் 12, வியாழன்

கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது.

எங்கள் ஏரியா போட்டோகிராஃபர்களின் ஃபேஸ்புக் குரூப்பில் போட எழுதினேன். மூன்று பக்கம். பாதிப் பங்கு, போர்டு, கிரிட் பாடம், எல்லாம். கீழே என் பெயர், பட்டத்தோடு. அமுதாவுக்கு போனில் படித்துக் காட்டினேன்.

"சார், இதுல என் மூஞ்சி எங்க கீது? பூரா உங்க போர்டுதான கீது."

மூன்று பக்கத்தையும் மறுபடி தள்ளிப் பார்த்தேன்.

"உங்க பேரு இருந்தா, பார்ட்னருங்க சண்டைன்னு பூடுவாங்க. என் பேர போடுங்க. உங்க பேரு வாணாம்."

போனை வைத்துவிட்டுச் சுவரில் குத்தினேன். விரல் மடங்கவில்லை. படித்த என்னிடம் என் பெயர் வேண்டாம் என்கிறாள். இவளும் பெயிண்ட் அடிக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது.

ஆனால் அவள் சொன்னபடிதான் நடக்கும். முரளி நேற்றே சொல்லிவிட்டானே, போர்டு காண்டு என்று.

இடது கையால் மூன்று பக்கத்தையும் அழித்தேன். மிச்சம்: அவள் பெயர், ஸ்டாண்ட், கன்னம், முரளி சொன்ன இருட்டு. கூடவே படம், கல்யாணப் பெண்ணை வெட்டியெடுத்துவிட்டு, திரையும் மூலையும் மட்டும். போலீஸ் கேட்டால் நேரில் போய்ச் சொல்வேன், பெயரோடு. குரூப்பில் வேண்டாம். பெயர் காட்டாமல் போட ஒரு பட்டன் இருக்கிறது. யார் போட்டது என்று அவனுக்குத் தெரியும்.

பெயரில்லாமலே போடுகிறேன்.