அக்காவின் பங்கு

பிப்ரவரி 10

மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தரும் வேலைக்கு அரசு டெண்டர் கோரியிருக்கிறது. தொழிலாளர்களே சொந்தமாக நடத்தும் நிறுவனங்களுக்கு இந்த முறை முன்னுரிமையாம். சலவைக்கூடத்தில் ஒரே கும்மாளம்.

"நமக்காகவே சட்டம் போட்டிருக்காங்க மேடம்!" என்றார் பாய்லர்காரர்.

முதலாளி கைவிட்ட கூடத்தை நாங்கள் எல்லோரும் பங்கு போட்டு வாங்கியதிலிருந்து அவருக்கு எல்லாமே நமக்காகத்தான். கூடத்தின் கணக்கைப் பார்க்கும் எனக்கோ, அரசு கதவைத் திறந்தால் நிலை தலையில் இடிக்குமா என்றுதான் பார்க்கத் தோன்றும்.

பிப்ரவரி 12

இடித்தது. பாதிக்கு மேற்பட்ட பங்கு, இப்போது வேலையில் இருப்பவர்களிடம் இருக்க வேண்டுமாம். எங்களிடம் இல்லை. வேலையை விட்டுப் போகிறவர்களிடம் பங்கைத் திருப்பிக் கேட்பது இங்கே வழக்கமில்லை. போனாலும் நம்மவர்கள்தானே என்று விட்டுவிடுவோம். அப்படிப் போனவர்கள் இப்போது ஏராளம் — மணிக்கட்டு போய் வீட்டில் இருக்கும் என் அக்கா உட்பட. இஸ்திரிப் பிரிவே அவள் கையில்தான் இருந்தது.

பிப்ரவரி 15

கூட்டம். பாய்லர்காரரின் யோசனை: ஓய்வு பெற்றவர்களை வாரம் ஒருநாள் வரவழைத்துத் தலையணை உறை மடிக்க வைப்பது.

"உங்க மாமனாரால நிக்கவே முடியாதே?"

"உக்காந்து மடிக்கட்டும் மேடம். தூங்கினாலும் ஆள் ஆள்தானே?"

சிரித்தார்கள். டெண்டர் போனால் கூடத்தை மூட வேண்டியதுதான் என்று தெரிந்தேதான் சிரித்தார்கள். கடைசியில், போனவர்களின் பங்கை வாங்கி இருப்பவர்களுக்குப் பிரிப்பது என்று முடிவானது.

"உங்க அக்கா குடுத்துட்டா மத்தவங்க மறுக்க மாட்டாங்க" என்றாள் மடிப்புப் பிரிவுக்காரி. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

பிப்ரவரி 16

போகவில்லை. தலைவலி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 18

போனேன். அக்கா இடக்கையால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் விதிமுறைகளை விளக்கி முடிக்கும்வரை திரும்பவேயில்லை.

"படிச்ச புத்தி, ஊரெல்லாம் சுத்துது. நீ எங்க ஆள் இல்லேன்னு நேரா சொல்லேண்டி."

"கூடம் நிக்கணும்க்கா."

"நிக்கட்டும். முதலாளி இருந்தப்பகூட என்னை வெளிய போன்னு யாரும் சொன்னதில்ல."

கையெழுத்து போட்டாள். பாதியில் வலி. பேனாவைப் பிடித்துக்கொள்ள நீட்டிய என் கையைத் தட்டிவிட்டாள்.

எனக்காகக் கேட்கவில்லை என்று ஏன் சொல்ல முடியவில்லை? எனக்காகவும்தானே கேட்டேன்.

மார்ச் 28

டெண்டர் எங்களுக்கே.

ஏப்ரல் 6

ஞாயிறு. அக்கா வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடமும் நாங்கள் பேசியதெல்லாம் கூடத்தைப் பற்றித்தான் — எந்த இயந்திரம் ஒழுகுகிறது, யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை, புதிதாக வந்தவள் மடிப்பை எப்படிக் கோணலாக்குகிறாள். அவள் வேலையை விட்ட பிறகும் அதேதான். இன்று, மருத்துவமனை விரிப்புகள் வந்திறங்கியதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"வெயில் ஜாஸ்தி, இல்ல?" என்றாள்.

ஆமாம் என்றேன். பக்கத்து வீட்டில் சுவர் எழுப்புவதைப் பற்றிச் சொன்னாள். கேட்டுக்கொண்டேன். பிறகு இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கிளம்பியபோது, விருந்தாளியை அனுப்புவதுபோல் வாசல்வரை வந்து வழியனுப்பினாள். இதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை.