பலாவிலைச் சனிக்கிழமைகள்

மச்சாள்,

இன்று விடிய மழை விட்டதும் உங்கள் வீட்டுப் படலையைத் திறந்தேன். நனைந்த பலாவிலையின் வாசம் முகத்தில் அடித்தது. ஐப்பசிக் காற்று மரத்தை உலுப்பி, பழுத்த இலைகளை முற்றம் முழுக்க மஞ்சளாய்க் கொட்டியிருந்தது. விளக்குமாற்றோடு வந்த உன் அம்மாவிடம், "கூட்டாதேங்கோ மாமி, பின்னேரம் பிள்ளையள் வருவினம்" என்றேன். மாமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்து அவர் கேட்டதில்லை.

விழுந்த பலாவிலையைக் குத்தூசிக் கம்பியில் கோத்து ஆட்டுக்குப் போடுவது எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் நடக்கிற வேலை. அதை விளையாட்டாக்கியது நீதான். எங்கள் ஆடுகளுக்கு இலை குத்த நான் வருவேன். என் பின்னால் ஒழுங்கைச் சின்னன்கள் எல்லாம் வருவார்கள். இரும்புக் கம்பி பிஞ்சுக் கையில் ஏறிவிடும் என்று நீ அவர்களுக்குத் தென்னை ஈர்க்கு கொடுத்தாய். "ஆரின்ரை ஈர்க்கு முதல் நிரம்புது, பாப்பம்!" பிறகு இலையோடு இலை வைத்துத் தைத்து, ஒவ்வொரு தலைக்கும் ஒரு ராசா முடி செய்தாய். நான் பின்னால் இருந்து ஈர்க்கு முறித்துத் தருவேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறப்பதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "நீ கதைக்கவேண்டாம், உன்ரை கையே போதும்" என்பாய்.

ஒருநாள் முடிகளை வேலியில் கொழுவிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனோம். ஆட்டின் சாப்பாட்டை ஆட்டுக்கு எட்டும் உயரத்தில் கொழுவிய புத்திசாலிகள் நாங்கள்தான். திரும்பி வந்தால் ஒன்றுதான் மிச்சம். சின்னன்களில் ஒருவனான கவின் நிலத்தில் விழுந்து, "என்ரை ராசா முடி!" என்று கதறினான். நீ மிச்ச முடியை எடுத்து ஆட்டின் கொம்பில் மாட்டினாய். "இனி இவதான் ராணி. எல்லாரும் கும்பிடுங்கோ." அழுத கண்ணோடு முதலில் கும்பிட்டது கவின்தான்.

போன மாரியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நீ உயிரோடு திரும்பவில்லை. அதன்பிறகு மாமி இலைகளைக் கூட்டி எரித்துவிடுவார். பிள்ளைகள் படலையடியில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

இந்த வியாழக்கிழமை கவினின் தாய் வசந்தி அக்கா வந்து, நானும் நிற்க, மாமியிடம் சொன்னார்: "இனிச் சனிப் பின்னேரத்திலை கவினை ரியூசனுக்கு விடப்போறன். மற்றப் பிள்ளையளும் போகப்போகுதுகள்." ஐந்து வயதுப் பிள்ளை. இப்போது விட்டால் இனி ஒரு சனிக்கிழமையும் கிடைக்காது என்று எனக்குத் தெரிந்தது.

"என்னட்டை விடுங்கோ அக்கா."

"உன்னட்டையோ? வாயே திறக்காத நீ பிள்ளையளை எப்பிடியடி மேய்ப்பாய்?"

"ஆட்டையும் கத்தாமல்தானே மேய்க்கிறன்."

அவர் சிரித்துவிட்டார். "சரி, இந்தச் சனி பாப்பம். சரிவராட்டி ரியூசன்தான்."

இன்று பின்னேரம் வந்தார்கள். மழையில் ஊறிய இலைகள் தைக்கத் தைக்கக் கிழிந்தன. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்பத் தொடங்கினார்கள். கவின் என் முன்னால் வந்து நின்றான்.

"மற்ற அக்கா எங்கை?"

மாமி உள்ளே போய்விட்டார்.

"அவ செத்துப்போனா, கவின்."

"அப்ப ஆர் எங்களோடை விளையாடுறது?"

"நான்."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. பழகப்போறன்."

வேலியோரம் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கிழியாத ஒரு இலையின் இரண்டு முனையையும் மடித்து, ஈர்க்கால் குத்தி, வள்ளமாக விட்டேன். உடனே கவிழ்ந்தது. "கவுண்டுபோச்சு!" என்று எல்லாரும் கைதட்டினார்கள். உன்னைப்போல ஒரு பகிடி சொல்லப் பார்த்தேன், வரவில்லை. "கவுண்டால் இன்னொண்டு கட்டுங்கோ!" என்று கத்தினேன். கட்டினார்கள். பிறகு ஒழுங்கை நெடுகக் கத்தினபடிதான் ஓடினேன். "சேத்துக்கை இறங்காதை! அந்தச் சின்னவளின்ரை வள்ளத்தை மிதியாதை!"

வசந்தி அக்கா வந்தபோது கவினுக்கு முழங்கால்வரை சேறு. அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இதோடை எழுத்தும் கொஞ்சம் சொல்லிக்குடுப்பியோ?"

"எழுத்துக்கு முன்பள்ளி இருக்கு அக்கா. சனிக்கிழமை இதுதான்."

நாக்கு ஒட்டப் பார்த்தது. ஆனாலும் சொல்லி முடித்தேன். அவர் மகனின் சேற்றுக் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப அடுத்த சனி பழைய காற்சட்டையோடை விடுறன்" என்றார்.

இதை எழுதும்போது, கத்தினதில் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கிறது, மச்சாள். நீ விட்டுப்போன பிள்ளைகள் இப்போது என்னிடம். என் அம்மா கொத்தமல்லியும் சுக்கும் அவித்துக் கொண்டுவந்து, "ஆரோடையடி இவ்வளவு கதைச்சனீ?" என்று கேட்டார். சுக்குக் காரம் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. அடுத்த சனிக்கும் தொண்டை வேணும். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.