முதல் வகையா, இரண்டாம் வகையா

டாக்டரம்மாவுக்கு,

இன்று காலை பக்கத்து அறையில் மாவுக்கட்டு நனைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஈர வாசனை எக்ஸ்ரே அறைக்குள் வந்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் மாற்றலாகிப் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் டாக்டர் நல்லவர். விழுந்த குழந்தையின் முழங்கைப் படத்தைப் பார்த்ததும், "எந்த வகை?" என்று உங்களைப் போலவே தனக்குள் கேட்டுக்கொள்கிறார். விரிசல் மட்டும் விழுந்து எலும்பு இடம் மாறாமல் இருந்தால் முதல் வகை, மாவுக்கட்டு போதும். முன்பக்கம் விட்டுப்போய், பின்பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு சாய்ந்திருந்தால் இரண்டாம் வகை. மயக்கம் கொடுத்து நேராக்க வேண்டும், பெரும்பாலும் கம்பியும் போட வேண்டும். முழுக்க விலகியிருந்தால் மூன்றாம் வகை. அதில் கையின் ரத்த ஓட்டத்துக்கே ஆபத்து வரலாம். உங்களோடு வேலை பார்த்த வருஷங்களில் படம் எடுக்கிற எனக்கும் இது மனப்பாடமாகிவிட்டது.

வாளையாரிலிருந்து வந்த அந்த ஆறு வயதுப் பெண்ணை மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் சறுக்குமரத்திலிருந்து விழுந்தவள். அவள் அம்மா கஞ்சிக்கோட்டுக் கம்பெனிச் சீருடையிலேயே ஓடிவந்திருந்தார். பக்கவாட்டுப் படத்துக்காக நான் கையைத் தொட்டதும் குழந்தை அலறினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. வெளியே கூட்டம் வேறு. கை சற்றுத் திரும்பியிருப்பது தெரிந்தும் அப்படியே எடுத்துவிட்டேன்.

"முதல் வகைதாம்மா. மூணு வாரம் கட்டுப் போட்டாச் சரியாயிரும்" என்றீர்கள். அந்த அம்மா உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன். வாயைத் திறந்தால் என் தப்பு வெளியே வரும். திறக்காவிட்டால் அந்தக் கை கோணலாகக் கூடிவிடலாம்.

"டாக்டரம்மா, அந்தப் படம் சரியா வரலீங்க. நான்தான் கையை நேரா வெக்கல. இன்னொன்னு எடுக்கட்டுங்களா?"

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, தொட்டாலே புள்ள கத்துறா. மறுக்கா எதுக்குங்க?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். படத்தை இன்னொரு தரம் பார்த்தீர்கள். "இருங்கண்ணே, நானும் வாரேன்" என்று எழுந்தீர்கள். ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு, முழங்கையைத் தொடாமல் தோளிலிருந்தே மெதுவாகக் கையைத் திருப்பிப் பிடித்தீர்கள். "எங்க எஸ்டேட்ல ஒரு யானை வந்து எங்க வாழையப் பூராம் தின்னுட்டுப் போயிருச்சு, தெரியுமா?" என்றீர்கள். "பூராமுங்களா?" என்று கேட்டாள் அவள், அழுகையோடே. அந்த நொடியில் படம் எடுத்தேன்.

திரையில் மேற்கை எலும்பின் முன்பக்கமாக ஒரு கோடு இழுத்தீர்கள். அது கீழே இருக்கும் உருண்டை எலும்பின் நடுவில் போக வேண்டும். உருண்டையைத் தொடாமல் முன்னால் போயிற்று. இரண்டாம் வகை.

அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள். "நான் முதல்ல சொன்னது தப்பும்மா. எலும்பு பின்னால சாஞ்சிருக்கு. மயக்கம் குடுத்து நேராக்கிக் கம்பி போடணும். நாடி நல்லா இருக்கு, விரலெல்லாம் அசைக்கிறா. பயப்படாதீங்க." என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் நான் கேட்டேன், பழியை ஏன் என் மேல் போடவில்லை என்று.

"படம் சரியா இருக்கான்னு பாக்க வேண்டியது என் வேலண்ணே. நீங்க சொல்லாம இருந்திருந்தா, அதுதான் தப்பு."

சில மாதம் கழித்து அவள் வந்து இரண்டு கையையும் மடக்கித் தோளைத் தொட்டுக் காட்டினாள். நீங்கள் இரண்டு முழங்கையையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் சிரித்தீர்கள்.

இப்போதெல்லாம் படம் சரியாக வராவிட்டால் நானே வெளியே போய்ச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் தயக்கமாக இருந்தது. போன வாரம் ஒரு தகப்பனிடம், "என் தப்புங்க, இன்னொன்னு எடுக்கோணும்" என்றேன். கூட்டத்துக்கு நடுவில் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடிக்கும்வரை நின்றேன். பிறகு அவரையே உள்ளே கூட்டிப் போய், மகளின் கையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினேன்.